மணி கழற்றி உழும் வயல்

சீவ்ரி கல்லறைத் தோட்டத்தின் நடுவில் ஒரு பெரிய கல்சிலுவை நிற்கிறது. தங்கள் ஆட்களை எங்கே புதைத்தார்கள் என்று தெரியாதவர்கள், ஊரில் புதைத்துவிட்டு இங்கே பிழைக்க வந்தவர்கள், கடலுக்குக் கொடுத்தவர்கள் எல்லோரும் கல்லறைத் திருநாளன்று அதன் அடியில்தான் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். பொழுது சாயும்போது சிலுவையைச் சுற்றி ஒரே வெளிச்சமாக இருக்கும். காற்றடித்தால் எல்லாத் திரியும் சேர்ந்து ஒரு பக்கமாகக் குனியும். பூசையில் மணியடித்ததும் எல்லோரும் தலை குனிகிற மாதிரி இருக்கும்.

அந்த வெளிச்சத்துக்குள்ளே முன்பெல்லாம் வருஷா வருஷம் ஒரு கரித்துண்டைப் பார்க்கலாம். உள்ளங்கை அளவு நிலக்கரி. அதன் தலையில் மெழுகை உருக்கி ஒட்டி ஒரு திரி எரியும். அதைக் கொண்டுவந்தவள் ஏஞ்சலம்மாள்.

தாராவியில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு தகரம்தான் சுவர். நான் செபமாலை சொன்னால் அந்தப் பக்கமிருந்து அவள் பதில் செபம் சொல்லுவாள். அண்ணி முறை வைத்து என்னை மைனி என்பாள். உறவு ஒன்றும் கிடையாது. இரண்டு பேருக்கும் திருநெல்வேலிச் சீமை, அது போதும் அவளுக்கு.

அவள் புருஷன் மிக்கேல்ராஜ் முதலில் தாராவியில் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். அந்த நாற்றம் அவருக்குச் சோற்றிலும் ஏறிவிட்டது என்பார். நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஆள் சேர்த்த ஒரு மேஸ்திரியோடு வர்தாவைத் தாண்டிப் போனார். ஒரு கிறிஸ்மஸுக்கு வந்தபோது சட்டைப் பையிலிருந்து அந்தக் கரித்துண்டை எடுத்து ஏஞ்சலு கையில் வைத்தாராம். "பாரு ஏட்டி, பூமிக்கு அடியில ராத்திரி இப்படித்தான் கெட்டியா இருக்கும். வெட்டித்தான் எடுக்கணும்" என்றாராம். அடுத்த மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் சுரங்கத்துக்குள் புகுந்துவிட்டது. மேலே வந்தவர்கள் வந்தார்கள். கீழே இருந்தவர்கள் இருந்துவிட்டார்கள். அந்தக் காலத்து முதலாளி சுரங்கத்தின் வாயில் சுவர் எழுப்பி மூடிவிட்டார். ஏஞ்சலு போய்ப் பார்த்தபோது அந்தச் சுவரைத்தான் காட்டினார்கள். புதுச் சுண்ணாம்பு இன்னும் காயவில்லையாம். அழுதுகொண்டே அதில் கை வைத்ததும் ஐந்து விரலும் பதிந்துவிட்டதாம்.

பிறகு அவளுக்கு ஒரு கனவு வர ஆரம்பித்தது. நாங்கள் குடியிருக்கிற மண்ணுக்கு அடியிலேயே, சாக்கடைக்கும் கீழே, மிக்கேல்ராஜ் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நடந்து வருவார். சரியாக அவள் பாய்க்கு நேரே வந்து நிற்பார். மேலே பார்த்து, "ஏட்டி ஏஞ்சலு, விடிஞ்சிட்டா?" என்று கேட்பார். இவள் பாயில் காதை வைத்து, "இன்னும் விடியல, படுங்க" என்பாள். அவ்வளவுதான் கனவு. ஆனால் அது வந்த காலையில் அவள் அவிக்கிற இட்லி தனி மிருதுவாக இருக்கும். நான் தின்று பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். "என்னளா, ராத்திரி வந்தாவளா?" என்பேன். "ஆமா மைனி, வந்து மணி கேட்டுட்டுப் போயிட்டாவ" என்று சிரிப்பாள்.

இட்லிதான் அவளுக்குப் பிழைப்பு. அலுமினியப் பாத்திரத்தை அவள் சுமப்பாள், சட்னித் தூக்கையும் சாம்பாரையும் நான் எடுத்துக்கொள்வேன். சயானில் பஸ் ஏறி, செம்பூரில் டிராம்பே போகிற சாலையில் இறங்குவோம். அங்கே ஆபீஸ்கள் இருக்கின்றன, ஆலைகள் இருக்கின்றன, காலையில் வெறும் வயிற்றோடு வருகிற ஜனங்கள் இருக்கிறார்கள். அதில் ஒரு பெரிய காம்பவுண்டு நிலக்கரிக் கம்பெனியின் ஆபீஸ். அதற்கு எதிரே ஒரு பொட்டல்.

மில் ஸ்டிரைக்கெல்லாம் ஓய்ந்து ஒன்றிரண்டு வருஷம் கழித்து, ஒரு மாசி மாதம். அன்று பஸ்ஸை விட்டு இறங்கியபோது பனியும் டிராம்பேப் பக்கத்துப் புகையும் ஒன்றாய்ச் சேர்ந்து சாலையே தெரியவில்லை. அந்த மூட்டத்துக்குள்ளே பொட்டலில் ஒரு ஊர் உட்கார்ந்திருந்தது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். மூங்கில் நட்டு, மேலே தார்ப்பாய் கட்டி, கீழே கோணி விரித்து, வெள்ளைக் குல்லா போட்ட ஆண்களும் பின்கொசுவம் வைத்துச் சேலை கட்டிய பெண்களுமாக அசையாமல் இருந்தார்கள். ஒரு மூங்கிலில் ஒரு சரம் பித்தளை மணி தொங்கியது. காற்று வந்தபோதெல்லாம் அது கிணுங்கியது. பம்பாயில் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் நடுவில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

"மைனி, இவிய எங்க உள்ளவியன்னு கேளுங்க."

"நீயே கேளு. உனக்குத்தான் இந்தி தண்ணிபட்ட பாடு."

அவள் கேட்டாள். முன்னால் இருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். எங்கள் வயதுதான் இருக்கும். பெயர் சகுபாய் என்று பிறகு தெரிந்துகொண்டோம். "பளஸ்வாடி" என்றாள்.

ஏஞ்சலு தலையிலிருந்த பாத்திரத்தை இறக்கிக் கீழே வைத்தாள். மிக்கேல்ராஜ் வேலை பார்த்த மூன்றாம் நம்பர் சுரங்கம் பளஸ்வாடிப் பக்கத்தில்தான். அந்தப் பெயரை அவள் வாயிலிருந்து நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். வேறொருத்தர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான்.

கம்பெனி அங்கே புதுச் சுரங்கம் போடப்போகிறது, அதை எதிர்த்து உட்கார்ந்திருக்கிறோம் என்று சகுபாய் சொன்னாள். முந்தி மாதிரி குழி இறங்கி உள்ளே போகிற சுரங்கம் இல்லையாம். மேலே இருந்தே வெட்டிக்கொண்டு போவார்களாம், ஆட்டுக்குத் தோலுரிக்கிற மாதிரி. வயல் போகும், கிணறு போகும், கோயில் போகும். ஊரிலேயே உட்கார்ந்து பார்த்தார்கள், யாரும் கேட்கவில்லை. டெல்லியிலிருந்து பெரிய ஆபீசர்கள் இந்த ஆபீசுக்கு வந்துதான் முடிவு செய்வார்கள் என்று கேள்விப்பட்டு, ரயிலேறி வந்துவிட்டார்கள்.

"மாட்டைக் காணோம், மணி மட்டும் தொங்குது?" என்று ஏஞ்சலு மூங்கிலைக் காட்டிக் கேட்டாள். எப்போதும் அவளுக்கு எதையாவது கேட்டு யாரையாவது சிரிக்க வைக்க வேண்டும்.

"அது எங்கள் வயலின் மணி" என்று மட்டும் சொன்னாள் சகுபாய். சிரிக்கவில்லை.

அன்று முதல் ஏஞ்சலு ஒரு நேர்ச்சை எடுத்துக்கொண்டாள். "அவிய கடைசியாத் தண்ணி குடிச்ச ஊரு மைனி. அந்த ஊர்ச்சனம் பட்டினியா உக்காந்திருக்கு. நான் சும்மா போவேனா?" விற்பதற்கு அவித்தது போக ஒரு ஈடு அதிகமாக அவித்து, இலையில் கட்டி, முகாமுக்குக் கொடுப்பாள். அவர்கள் கைகூப்பி வாங்கிக்கொள்வார்கள். இவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

ஒரு நாள் சீக்கிரம் விற்றுத் தீர்ந்து, திரும்பி அந்த வழியே வந்தோம். பொட்டலின் ஓரத்தில் சகுபாய் நின்று, எங்கள் இட்லியை இரண்டு தெரு மாடுகளுக்குப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மாடு சட்னியையும் விடாமல் நக்கியது.

ஏஞ்சலு அப்படியே நின்றுவிட்டாள். பிறகு விறுவிறுவென்று போனாள். "ஏம்மா, பிடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லக்கூடாதா? நான் கோழி கூவ முன்ன எந்திரிச்சு ஆட்டி அவிச்சுக் கொண்டாரேன். மாட்டுக்குப் போடுதியளே!" கோபத்தில் இந்தி மறந்து முழுக்கத் தமிழிலேயே சொல்லிவிட்டாள். ஆனால் புரியாமல் போகவில்லை.

சகுபாய் அவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். மராத்தியில் தாயி என்றால் அக்கா. "தாயி, கோபப்படாதே" என்று சொல்லிவிட்டு, ஏஞ்சலுவின் உள்ளங்கையைத் திருப்பி விரல் ரேகையைக் காட்டினாள். ரேகைக்குள் எல்லாம் கறுப்பு. தேய்த்தாலும் போகாத கரி.

அவர்கள் ஊரை விட்டுக் கிளம்பும்போது கோயில் முன்னால் சத்தியம் செய்திருக்கிறார்கள். இந்த விவகாரம் தீர்கிற வரைக்கும் நிலக்கரித் தீயில் வெந்த எதையும் வாயில் வைக்கமாட்டோம் என்று. பம்பாய்க்கு வந்த பிறகு அவர்கள் டீக்கடைப் பக்கமே போகவில்லை. சுள்ளி பொறுக்கி, கல் கூட்டி, சோள ரொட்டிதான் சுட்டுத் தின்றார்கள். எங்கள் இலைப் பொட்டலத்தைப் பிரித்ததுமே கரிப்புகை வாசனை தெரிந்துவிட்டதாம்.

"அப்படீன்னா மொத நாளே வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே" என்றேன் நான்.

"எப்படிச் சொல்வது? இந்த ஊரில் எங்களைப் பார்த்து 'சாப்பிட்டீர்களா' என்று கேட்டதே இவள் ஒருத்திதான்" என்றாள் சகுபாய்.

ஏஞ்சலு வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "நல்ல ஆளப் பாத்துத்தான் நேர்ச்சை வச்சேன் போங்க மைனி. கரி வேண்டாம்னு உக்காந்திருக்க சனத்துக்குக் கரியில அவிச்சுக் கொண்டாந்து நீட்டியிருக்கேன். நோம்பு நாள்ல கறிச்சோறு வச்ச கத!"

மறுநாள் அவள் கரீம் பாட்சாவிடம் போய் நின்றாள். எங்கள் சந்து முனையில் அவருக்கு மரப்பெட்டி செய்கிற பட்டறை. மேலப்பாளையத்துக்காரர், வாய் சும்மா இருக்காது.

"பாய், மரத்தூள் வேணும். சாக்கு சாக்கா வேணும்."

"எதுக்கும்மா? இட்லியில கலக்கவா? இப்பவே அப்படித்தான இருக்குன்னு பேச்சு."

"உங்க பெட்டியில ஆணிய விட மரம் கொறச்சல்னு கூடத்தான் பேச்சு. நான் கேக்கனா?"

விஷயத்தைச் சொன்னதும் அவர் சாக்கை எடுத்து அவரே நிரப்பினார். "எடுத்துட்டுப் போ தங்கச்சி. வாய்விட்டுச் சொன்ன சத்தியம் அல்லாவுக்குக் கேட்டிருக்கும். அதுக்கு நாமளும் கொஞ்சம் ஒத்தாசையா இருப்போம்" என்றார்.

தகர டின்னில் மரத்தூளைக் குத்திக் குத்தி இறுக்கி, நடுவில் துளை விட்டுத் தீ மூட்டுகிற அடுப்பு. அது கரி மாதிரிக் கனலாது, பூனை மாதிரி உறுமிக்கொண்டே மெதுவாக எரியும். விடியற்காலையில் எங்கள் சந்து முழுக்கத் தேக்கு வாசனையும் பலா வாசனையும் மிதக்கும். புது அடுப்பில் அவித்ததைக் கொண்டுபோன அன்று சகுபாய் முதலில் மோந்து பார்த்தாள். பிறகு தின்றாள். பிறகு எல்லோரும் தின்றார்கள். ஒரு பெரியவர் சட்னியின் காரம் தாங்காமல் குல்லாவைக் கழற்றி விசிறிக்கொண்டார். ஏஞ்சலு அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவளுக்குத்தான் அந்தச் சோதனை வந்தது.

கம்பெனி ஆபீசில் கணேசபாண்டியன் என்று ஒரு கிளார்க். மாதுங்காவில் குடியிருக்கிறார், ஊர் சங்கரன்கோவில். தினமும் எங்களிடம்தான் இட்லி தின்பார். நல்ல மனுஷன். ஏஞ்சலு தன் கதையை யாரிடமும் மறைத்தவள் இல்லை, அதனால் அவருக்கும் எல்லாம் தெரியும். ஒரு காலையில் மற்றவர்கள் போகும் வரை காத்திருந்து பக்கத்தில் வந்தார்.

"அக்கா, ஒரு விஷயம். சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன்."

"சொல்லுங்க தம்பி. இட்லி கல்லு மாதிரி இருக்கா?"

"அதில்லக்கா. புதுச் சுரங்கத்துக்குப் படம் போட்டிருக்காவ, நான் பாத்தேன். மேல இருந்து வெட்டிக்கிட்டே வந்தா, பழைய மூணாம் நம்பர்லதான் போயித் தொறக்கும். உள்ள இருக்கவியள எடுத்துக் குடுத்துருவாவ."

ஏஞ்சலு அவர் இலையில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள். இலை நிரம்பித் தரையில் ஓடியது. அவள் நிறுத்தவில்லை. நான்தான் கரண்டியைப் பிடித்தேன்.

"அடுத்த வாரம் பெரிய ஆபீசர்மாரு வராவ" என்றார் அவர். "உள்ள போயிட்ட ஆளோட வீட்டுக்காரவிய ஒருத்தர் வந்து நின்னு, 'எங்க ஆள எடுத்துத் தாங்க, தோண்டுங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னா, அதுக்கு மேல எதுத்துப் பேச யாருக்கும் வாய் வராது. எங்க மேனேஜரும் கேட்டாரு, அப்படி யாரும் இருக்காவளான்னு. நான் உங்க பேரச் சொல்லிட்டேன். தப்பா நெனைக்காதிய. உங்களுக்கு ஒரு கல்லறை கெடைக்கட்டுமேன்னுதான்."

அன்று பஸ்ஸில் ஏஞ்சலு ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள். எனக்குச் சொன்னாளா தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியாது.

"எலும்புதான் இருக்கும், இல்லையா மைனி. ஒரு சின்னப் பெட்டி போதும். கரீம் பாய்ட்ட சொன்னா நல்ல மரத்துல செஞ்சு தருவாரு. சீவ்ரியில பூசை வச்சு அடக்கம் பண்ணலாம். சுண்ணாம்பு அடிக்கலாம். பேரு எழுதலாம். திருநாளைக்கு நானும் மத்தவிய மாதிரி ஒரு எடத்துல போயி நிக்கலாம்."

"அந்தப் பளஸ்வாடிச் சனம்?" என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவள் கண்ணில் அந்தக் கல்லறை வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது. நானும் அதைப் பார்த்தேன், பொய் சொல்லக்கூடாது. அதன் மேல் சாமந்தி மாலை கூடக் கிடந்தது.

முகாமுக்கு இட்லி கொடுப்பதை அவள் நிறுத்தவில்லை. ஆனால் பொட்டலத்தை வைத்துவிட்டு சகுபாய் முகத்தைப் பார்க்காமல் வந்துவிடுவாள். அந்தப் புதன்கிழமை மாகிம் மாதா கோயிலுக்கு நவநாள் செபத்துக்குப் போனோம். அந்தக் கூட்டத்தில், அத்தனை மெழுகுத் தீயின் சூட்டில், அவள் வெகு நேரம் முழங்காலில் நின்றாள். வெளியே வந்ததும், "மாதா என்ன சொன்னா?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லல மைனி. அவளுக்காச்சும் மகன மடியில போட்டு அழ ஒரு ஒடம்பு கெடச்சுது. எனக்கு அதுவுங் கெடைக்கலையேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

மாதாவிடம் அப்படிப் பேசலாமா என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் மாதாவும் ஒரு பெண்தானே, கேட்டுக்கொண்டிருப்பாள் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

ஆபீசர்கள் வருவதற்கு முந்தைய நாள். பொட்டலத்தை வைத்துவிட்டுத் திரும்பினவளை சகுபாய் விடவில்லை. "தாயி, முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாயே. நாங்கள் என்ன செய்தோம்?" என்றாள்.

ஏஞ்சலுவுக்கு மறைக்கத் தெரியாது. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மூன்றாம் நம்பரை, சுவரை, கரித்துண்டை, கணேசபாண்டியன் சொன்னதை. கடைசியில், "நாளைக்கு நான் அவிய பக்கம் போயி நிப்பேன். என்னைய வையாதிய" என்றாள்.

பக்கத்திலிருந்த பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் திட்டவில்லை. சகுபாய் எழுந்து, மூங்கிலிலிருந்து அந்த மணிச்சரத்தை அவிழ்த்து எடுத்துவந்து ஏஞ்சலுவின் மடியில் வைத்தாள்.

அவள் மராத்தியில் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். மூன்றாம் நம்பர் சுரங்கம் அவர்களுடைய சோள வயலுக்கு அடியில்தான் ஓடுகிறது. தண்ணீர் புகுந்த வருஷம் ஊரே அந்த வயலில் கூடி அழுதது. மறுவருஷம் உழப் போனபோது மாடுகளின் கழுத்து மணி ஒலித்தது. சகுபாயின் மாமனார் ஏரை நிறுத்திவிட்டார். கீழே ஆட்கள் தூங்குகிறார்கள், சத்தம் போட்டு எழுப்பக்கூடாது என்று மணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உழுதார். அதிலிருந்து அந்த ஊரில் அதுதான் வழக்கம். அந்த வயலுக்குள் போகுமுன் மாட்டின் மணியைக் கழற்றிவிடுவார்கள். முதல் சாலில் ஒரு பிடி சோறும் வெல்லமும் வைப்பார்கள், கீழே இருப்பவர்களுக்கு. அறுப்பு நாளில் யாரும் அங்கே உரக்கப் பேசுவதில்லை. பிள்ளைகள் கூட அந்த வரப்பு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்ளுமாம். அந்த மணியை ஆபீசர்களிடம் காட்டத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள்.

"சோறு வைக்கிறோம், ஆனால் ஒருத்தர் பெயரும் எங்களுக்குத் தெரியாது" என்றாள் சகுபாய். "உன் வீட்டுக்காரர் பெயர் என்ன, தாயி?"

ஏஞ்சலு புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே, "மிக்கேல்ராஜ்" என்றாள். அவள் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

சகுபாய் அதை மெல்லத் திருப்பிச் சொன்னாள். அவளுக்கு அடுத்தவள் சொன்னாள். அதற்கு அடுத்தவள். செபமாலை மணி கை மாறுகிற மாதிரி அந்தப் பெயர் தார்ப்பாயின் கடைசி வரைக்கும் போய், திரும்பி வந்தது. ஏஞ்சலு மணிச்சரத்தை இரண்டு கையாலும் பொத்தி, ஒலிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆபீஸ் காம்பவுண்டில் நாற்காலி போட்டு ஆபீசர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கம் பளஸ்வாடி ஜனங்கள். இந்தப் பக்கம் மேனேஜர், கணேசபாண்டியன், ஏஞ்சலு, அவள் பின்னால் நான். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்கே தெரியாது. வெளுத்த வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். கையில் கரித்துண்டு.

கணேசபாண்டியன் அவளை முன்னால் அழைத்து, தமிழில் சொல்லுங்க, நான் இங்கிலீஷில் சொல்லுகிறேன் என்றார்.

"ஐயா, எங்க வீட்டு ஆளு மூணாம் நம்பருக்குள்ள இருக்காவ. எடுத்துத் தாங்கன்னு கேக்கத்தான் வந்தேன். ராத்திரி பூரா அதத்தான் நெனச்சேன்." அவள் கரித்துண்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "இத்தன வருசமா அவியளுக்குக் கல்லறை இல்லைன்னு அழுதேன். இருந்திருக்கு ஐயா. எனக்குத்தான் தெரியல. அதுக்கு மேல சோளம் வெளையுது. பக்கத்துல மாட்டு மணிய கூட ஒலிக்க விடாம ஒரு ஊரே காவல் இருக்கு. நான் சீவ்ரிக்குக் கொண்டாந்தா, பம்பாயில மண்ணு கொறச்சல், கொஞ்ச காலத்துல அடுத்த ஆளுக்கு எடம் வேணும்னு எலும்பத் தோண்டிச் சொவத்துப் பொந்துல வச்சிருவாவ. கல்லறையும் இங்க வாடகை வீடுதான். அங்க அவிய சொந்த வீட்ல தூங்குதாவ. கல்லறையத் தோண்டாதிய ஐயா. தூங்குத ஆள எழுப்பாதிய."

கணேசபாண்டியன் முகம் வெளுத்துவிட்டது. மேனேஜர் அவரையே பார்த்தார். "அக்கா, இதையா சொல்லட்டும்?" என்றார் கணேசபாண்டியன் மெதுவாக.

"இதத்தான் தம்பி. ஒரு சொல்லு கூட்டவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஏஞ்சலு நிறுத்தின இடங்களில் எல்லாம் அவரும் நிறுத்தினார், அதனால் சரியாகத்தான் சொல்லியிருப்பார்.

ஆபீசர்களில் ஒருவர், எந்த மணி என்று கேட்டார். சகுபாய் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் வாங்கும்போது அது லேசாகக் கிணுங்கியது. உடனே அவர் மணிகளை ஒலிக்காமல் கைக்குள் பிடித்துக்கொண்டார். யாரும் அவரைப் பிடிக்கச் சொல்லவில்லை.

அன்று ஒன்றும் முடிவு சொல்லவில்லை. மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுந்து போனார்கள். மழைக்கு முன்னால் விதைப்பு இருக்கிறது என்று முகாமும் மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டு ஊருக்குப் போனது. இன்றுவரை வெட்டவில்லை. வெட்டமாட்டோம் என்றும் யாரும் சொல்லவில்லை. கணேசபாண்டியனைத் தூசி நிறைந்த ஏதோ ஒரு செக்‌ஷனுக்கு மாற்றிவிட்டார்கள். இட்லிக்கு வருவதை அவர் நிறுத்தவில்லை. முன்னை விட ஒன்று கூடத் தின்கிறார். ஏஞ்சலு எல்லா ஈட்டையும் இப்போது மரத்தூளில்தான் அவிக்கிறாள். விவகாரம் தீரவில்லையே, பிறகு எப்படிக் கரியைத் தொடுவது என்கிறாள்.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளைக்கு நாங்கள் சீவ்ரிக்குப் போகவில்லை. ஒரு பாட்டிலில் கோயில் தீர்த்தம் பிடித்துக்கொண்டு ரயிலேறினோம். வர்தாவில் வண்டி மாறி, பஸ் பிடித்து, பளஸ்வாடி போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் இளசாக இருந்தது. சகுபாய் எங்களுக்காக வரப்பில் நின்றாள். சோளம் ஆள் உயரத்துக்கு மேலே கதிர் பிடித்து நின்றது. நாங்கள் மூவரும் அதற்குள் நடந்தோம். தாள் உரசுகிற சத்தம் தவிர ஒன்றுமில்லை. யாரோ தூக்கத்தில் புரண்டு படுக்கிற மாதிரி வயல் முழுக்க அந்தச் சத்தம் போய்க்கொண்டிருந்தது.

ஏஞ்சலு ஓர் இடத்தில் நின்றாள். ஏன் அந்த இடம் என்று நான் கேட்கவில்லை. கையாலேயே மண்ணைப் பறித்து, கரித்துண்டை உள்ளே வைத்து மூடினாள். மேலே மெழுகுவர்த்தியை நட்டாள். பகல் வெளிச்சத்தில் தீயே தெரியவில்லை, அதற்கு மேலே காற்று மட்டும் நெளிந்தது. நான் தீர்த்தத்தைத் தெளித்து, இறந்தவர்களுக்கான நித்திய இளைப்பாற்றி செபத்தைக் குரல் எழுப்பாமல் சொன்னேன். வரப்புக்கு அப்பால் ஒரு சோடி மாடு மணியில்லாமல் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

போன மாதம், இந்த வருஷத் திருநாளைக்கு, மறுபடி சீவ்ரிக்குப் போனோம். ஏஞ்சலு நடுச்சிலுவைக்கு அடியில் மெழுகுவர்த்தி ஏற்றினாள், கரித்துண்டு இல்லாமல். "நமக்கு எடம் இருக்கு. இல்லாதவிய எத்தன பேரு" என்றாள். திரும்பி வருகிற வழியில் கேட்டேன்.

"கனவுல வந்தாவளா?"

"அந்த வயலுக்குப் போயிட்டு வந்ததுலருந்து வரல மைனி. நல்லாத் தூங்குதாவ போல."

கொஞ்ச தூரம் நடந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஒரே ஒரு தடவ வந்து மணி கேட்டாத்தான் என்ன? விடிஞ்சிட்டுன்னு சொல்லியிருப்பேன்லா."